பொனற்றில் ஒரு செவ்வரத்தம்பூ

அத்தியாயம் நான்கு

வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு யாழ்ப்பாணத்தின் ஒரேயொரு தனியார் துப்பறியும் நிறுவனம் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தது. நிறுவனம் என்பது தக்சாயினி அக்காவும் நானும். அலுவலகம் என்பது நல்லூரில் ஒரு போட்டோக்கொப்பிக் கடைக்கு மேலே உள்ள அறை. கீழே மெசின் ஓடும்போது மேலே எங்கள் மேசையும் சேர்ந்து ஓடும்.

அக்கா இதற்கு முதல் பத்து வருடம் வாகனக் காப்புறுதி நிறுவனம் ஒன்றில் விபத்துகளை விசாரித்தவர். நின்ற காரில் மாடு வந்து மோதியது, ஓடின வேனில் மதில் வந்து மோதியது என்று எழுதிக் கையெழுத்து வைப்பவர்களைத் தினமும் சந்தித்ததில், மனிதர் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை முற்றாகப் போய்விட்டது. "வாகனம் பொய் சொல்லாது டினேஸ். பக்கத்திலை நிக்கிறவர்தான் சொல்லுவார்." நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான்.

படியேறி வந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். விரல்களில் சோக்குத்தூள். மூச்சு வாங்குவதற்குக்கூட அவருடைய கோபம் இடம் கொடுக்கவில்லை. பெயர் உதயகலா என்றும், உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் ரியூசன் கொடுப்பதாகவும் சொன்னார். அட்டை பார்க்காமல் அக்கா யாரையும் நம்பமாட்டார். அடையாளத்துக்கு ஏதாவது கேட்டார். உதயகலா கைப்பையைக் கிளறி ஒன்றை நீட்டினார். நான் விபரங்களைப் பதிவேட்டில் எழுதினேன். படத்தில் அவர் கைதுசெய்யப்பட்டவர் போல இருந்தார். எல்லா அட்டையிலும் எல்லோரும் அப்படித்தான் இருப்போம் என்பதால் அதை நான் தடயமாகக் கருதவில்லை.

விசயம் இதுதான். அவருடைய கணவர் ஜெயரூபன், வீதிகளுக்கு வெள்ளைக்கோடு போடுவதை மேற்பார்வை செய்யும் உத்தியோகத்தர். ஆறு வருடத்துக்கு முன் கண்டிப் பக்கத்தில் கோழிக்கூடாக இருந்த ஓர் அமெரிக்கக் காரை, கோழிகளுக்கு மாற்றிடம் ஏற்பாடு செய்துவிட்டு வாங்கி வந்தார். அறுபத்தேழாம் ஆண்டு மஸ்ராங். எட்டு சிலிண்டர். வீட்டுக் கராச்சில் வைத்துக் கழற்ற ஒரு வருடம். இடப்பக்கம் இருந்த ஸ்ரியறிங்கை வலப்பக்கம் கொண்டுவர ஒரு வருடம். மிச்ச நான்கு வருடமும் கழற்றியதைத் திருப்பிப் பூட்டினார். சும்மா பூட்டவில்லை; முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக், உள்ளே ஏசி, ஒரு விரலால் திருப்பக்கூடிய ஸ்ரியறிங் என்று, கார் பிறந்தபோது அதற்குக் கிடைக்காத வசதியெல்லாம் செய்துகொடுத்தார். அந்த ஆறு வருடமும் உதயகலாவின் மாணவர்கள் மாமரத்துக்குக் கீழே இருந்து, எறும்பைத் தட்டிக்கொண்டு, சேதன இரசாயனம் படித்தார்கள்.

ஆகவே போன வருடம் வீட்டில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. இந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பன்னிரண்டுக்கு நல்ல நேரம். அந்த நேரத்துக்குக் கார் மருதனார்மடம் ஆஞ்சநேயர் கோயில் வாசலில் பூசைக்கு நிற்கவேண்டும். நின்றால் கராச் காருக்கு. நிற்காவிட்டால் கார், ஆறு மாதமாக வந்து கேட்டுக்கொண்டிருக்கும் கொழும்பு வியாபாரி லெனாட்டுக்கு, கராச் இரசாயனவியலுக்கு. இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் சாட்சி.

இன்று காலை பதினொரு மணிக்கு ஜெயரூபன் பொனற்றைத் திறந்தார். என்ஜினில் ரோட்டரைக் காணவில்லை.

ரோட்டர் என்பது பெருவிரல் அளவு சாமான். எட்டு சிலிண்டருக்கும் முறைவைத்து நெருப்பைப் பங்கிட்டுக் கொடுப்பது. அது இல்லாவிட்டால் எட்டு சிலிண்டரும் எட்டுச் சட்டி. இங்கே எந்தக் கடையிலும் கிடைக்காது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் தேடி அனுப்ப மூன்று மாதம் எடுத்தது.

"நான்தான் எடுத்து ஒளிச்சிட்டன் எண்டு ஒழுங்கை முழுக்கக் கதை" என்றார் உதயகலா. "மாமி நேரை கேக்கேல்லை. உன்ரை அலுமாரியைத் துப்பரவாக்கித் தாறன் பிள்ளை எண்டு வாறா. எனக்குக் கராச் வேணும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா களவெடுத்து வாங்கினது எண்ட பேரோடை அதுக்குள்ளை நிண்டு நான் படிப்பிக்கேலாது. நாளைக்கு ஒன்பது மணிக்கு முதல் எடுத்தது ஆர் எண்டு எனக்குத் தெரியவேணும்."

கணவர் பொலிசுக்குப் போகவில்லையா என்று அக்கா கேட்டார். அவர் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம். எல்லாம் விதியாம்.

அக்கா சோற்றுப் பார்சலை மூடினார். எனக்கு மீன் துண்டு மிச்சமிருந்தது. விதி.

*

காரைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கோழிகள் மேல் பொறாமை வந்தது.

கருநீலம். நீட்டிப் படுத்த புலி மாதிரி நின்றது. கராச் சுவரில் நட்டுக் கழற்றும் ஒவ்வொரு சாவிக்கும் சுத்தியலுக்கும் அதன் உருவத்தை வெள்ளைப் பெயின்ரில் கீறியிருந்தது; அந்தந்த உருவத்தின் மேலே அந்தந்தச் சாமான் தொங்கியது. வெள்ளைக்கோடு போடுபவரின் கை. நடுவில் கவிழ்த்த வாளியில் ஜெயரூபன் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, அமைதியான குரலில், தனக்கு ஒருவரிலும் சந்தேகம் இல்லை என்றார். நாங்கள் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா என்ஜினுக்குள் குனிந்தார். ரோட்டரை எடுக்க அதன் மூடியைக் கழற்றவேண்டும். கள்ளன் கழற்றியிருக்கிறான், பிறகு மூடியைத் திருப்பிப் பூட்டியிருக்கிறான். எட்டு வயரும் ஒழுங்காக அடுக்கியபடி. மூடியில் ஒரு விரலடையாளமும் இல்லை, துடைத்திருக்கிறான். துடைத்த துணியை மடித்து, துணி தொங்கும் ஆணியிலேயே தொங்கவும் விட்டிருக்கிறான்.

"அக்கா, இவன் களவெடுக்க வந்தவனோ, சேர்விஸ் செய்ய வந்தவனோ?"

அக்கா என்ஜினை விட்டு நிமிர்ந்திருந்தார். மேசையில் ஒரு சோசரில் கிடந்த வாடிய செவ்வரத்தம்பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது என்னவென்று உதயகலா விளக்கினார். தினமும் காலை ஆறு மணிக்குக் குளித்துவிட்டு, வீட்டில் மோட்டர் உள்ள எல்லாவற்றுக்கும் அவர் சந்தனமும் பூவும் வைப்பார். தண்ணி மோட்டர், கிரைண்டர், கணவரின் மோட்டச்சைக்கிள், கடைசியாகக் கார். காருக்குப் பொனற் மூடும் விளிம்பில், மேலும் கீழும் படச் சந்தனத்தை அப்பி, அதில் பூவை ஒட்டுவது வழக்கம். இன்றைக்கும் ஒட்டினார். பதினொரு மணிக்குக் கணவர் திறக்கப் போனபோது சந்தனம் விசுக்கோத்து மாதிரி இறுகி, பூ வைத்தபடியே இருந்தது. உடைத்துத்தான் திறந்தார்.

சந்தனத்தின் பாதி பொனற்றிலும் பாதி கீழேயும் இன்னும் ஒட்டியிருந்தது. அக்கா நகத்தால் தட்டிப் பார்த்தார். காய்ந்த பிறகு ஒரே ஒருமுறை உடைந்திருக்கிறது. அப்படியென்றால் ஆறு மணிக்கும் பதினொரு மணிக்கும் இடையில் ஒருவரும் பொனற்றைத் தொடவில்லை. காலை பத்து மணிக்கு வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டு போன லெனாட் சுத்தவாளி. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. வெள்ளைச் சப்பாத்து போட்டவர் என்று கேள்விப்பட்டதும் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே குற்றவாளி என்று எழுதிவிட்டிருந்தேன்.

நேற்று மாலை ஆறு மணிக்கு மெக்கானிக் சீவரத்தினம் என்ஜினை ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார். ஒழுங்கை முழுக்கக் கேட்டது. அயலில் ஒரு நாய் இன்னும் வீடு திரும்பவில்லை. அவர் போனபின் ஜெயரூபன் கராச்சைப் பூட்டினார். அந்தப் பூட்டுக்கு ஒரே திறப்பு. அது அவருடைய கழுத்துச் சங்கிலியில். காலையில் அவர் வந்து திறந்துவிட்டு வாசலில் நிற்கும்போதுதான் உதயகலா பூ வைப்பார்.

என்ஜினைக் கடைசியாகத் தொட்டவர் சீவரத்தினம் என்று நான் சொன்னபோது, அவர் தனக்குக் கூடப்பிறந்த அண்ணை மாதிரி என்று ஜெயரூபன் அவசரமாகச் சொன்னார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். மூன்றே கால். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டி, சந்தைக்குப் போய்வருவதாகச் சொல்லி, மோட்டச்சைக்கிளை எடுத்துக்கொண்டு படலையால் வெளியேறினார்.

"இண்டைக்குமா" என்றார் உதயகலா, படலையைப் பார்த்து. "இரண்டரை மாதமா உவருக்கு ஒரு சந்தை விசர். செவ்வாயும் வியாழனும் மருதனார்மடம் வரைக்கும் போய் வதங்கின கத்தரிக்காயோடை வாறார்."

*

சீவரத்தினத்தின் பட்டறையும் மருதனார்மடம் சந்திக்குப் பக்கத்தில்தான். அவர் ஓர் ஓட்டோவுக்குக் கீழே படுத்திருந்தார். ஆகவே விசாரணையின் முதல் பாதி அவருடைய இரண்டு கால்களோடு நடந்தது.

ரோட்டர் காணாமற்போன செய்தி அவருக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. சந்தேகம் தன் மேல் வந்ததுதான் புதுச் செய்தி. வலது கால் கோபப்பட்டது.

"நான் அதை எடுத்து என்ன செய்யிறது பிள்ளை? உந்த ஓட்டோவுக்குப் போடுறதோ? ஊரிலை அந்தக் கார் ஒண்டுதான். வேறை ஒண்டுக்கும் அது பொருந்தாது."

அக்கா ஒரேயொரு கேள்வி கேட்டார். இந்த ஆறு வருடத்தில் காரைக் கராச்சுக்கு வெளியே எடுத்தது யார்?

கால்கள் கொஞ்சநேரம் யோசித்தன. பிறகு சீவரத்தினம் முழுதாக வெளியே வந்து எழுந்து இருந்தார். எப்போதும் தான்தான் என்றார். கார் அசையவேண்டிய நேரம் வந்தால் ஜெயரூபனுக்கு ஒரு போன் வரும். இல்லாவிட்டால் கால் பிரளும். ஒருமுறை கண்ணுக்கு மருந்து விட்டிருந்தார். போன கிழமை சங்குப்பிட்டிப் பாலம் வரைக்கும் ஓடிப் பார்த்தபோதும் சீவரத்தினம்தான் ஓட்டினார். ஜெயரூபன் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

"நான் அதைப் பக்தி எண்டெல்லே நினைச்சன்" என்றார் சீவரத்தினம்.

அக்கா வீதிக்கு வந்தார். நேரம் நாலு மணி. எதிரே சந்தை. காலையில் கால் வைக்க இடமிருக்காத சந்தையில் இப்போது ஒரு மாடும், கொஞ்சம் கோவா இலையும், சாக்கை மடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவரும் மட்டும்.

"டினேஸ், நாலு மணிக்கு உதுக்குள்ளை என்ன வாங்கலாம்?"

"மாடு வாங்கலாம். இல்லாட்டி வதங்கின கத்தரிக்..." என்று சொல்லும்போதே என் வாய் நின்றுவிட்டது. துப்பறியும் தொழிலில் எனக்கு ஒன்று தானாகப் பிடிபட்டது இது இரண்டாவது முறை.

அப்போதுதான் சந்தியில் ஹோர்ண் சத்தம் எழுந்தது. ஒரு பஸ், இரண்டு லொறி, வைக்கோல் ஏற்றிய உழவு இயந்திரம் எல்லாம் வரிசையாக நின்று அடித்தன. வரிசைக்கு முன்னால், சிவப்பு எல் பலகை தொங்கிய வெள்ளைக் கார் ஒன்று, நடந்து போகிறவர்களுக்கு வழிவிட்டபடி ஊர்ந்து வந்தது. பக்கத்து ஆசனத்தில் இருந்த பயிற்றுநர் ஒரு கையால் கைப்பிறேக்கையும் மறு கையால் கழுத்துச் சிலுவையையும் பிடித்திருந்தார். ஓட்டியவர் முழுமுக ஹெல்மெட் போட்டு, கண்ணாடியையும் கீழே இறக்கியிருந்தார்.

"அக்கா, காருக்குள்ளையும் ஹெல்மெட் போடவேணும் எண்டு சட்டம் வந்திட்டுதோ?"

தன்னை ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று அவர் அதைப் போட்டிருக்கிறார். அதனால் சந்தியில் நின்ற அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒரு பக்கமாக எழுந்து நின்று பார்த்தார்கள்.

அக்கா நாங்கள் வந்த ஸ்கூட்டியைக் குறுக்கே விட்டார். கார் நின்றது. நிறுத்தியதால் அல்ல, என்ஜின் தானாக நின்றுபோனதால்.

நான் போய்க் கார்க் கண்ணாடியில் தட்டினேன். ஹெல்மெட்டுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

"நான் ஜெயரூபன் இல்லை."

நாங்கள் இன்னும் ஒரு பெயரும் சொல்லியிருக்கவில்லை.

காரை ஓரமாகத் தள்ளினோம். பயிற்றுநர் கொலின்ஸ் இறங்கி வந்து, யாராவது கேட்கமாட்டார்களா என்று இரண்டரை மாதமாகக் காத்திருந்தவர் போலப் பேசினார். இப்படி ஒரு மாணவர் தனக்குக் கிடைத்ததில்லை. முதல் நாளே என்ஜின் சத்தத்தைக் கேட்டு, கிளச் பிளேட் இன்னும் மூன்று கிழமைதான் தாங்கும் என்றார்; சரியாக மூன்றாம் கிழமை அது போனது. புத்தகப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு. ஓட்டும் பரீட்சையில் இரண்டு தரம் தவறிவிட்டார். முதல் தரம் பின்னுக்கு எடுக்கும்போது. இரண்டாம் தரம் மலையில் நிறுத்தி எடுக்கும் சோதனை. யாழ்ப்பாணத்தில் மலை இல்லாததால் அதை ஒரு மதகில் ஏற்றி வைப்பார்கள். கார் மதகிலிருந்து பின்னுக்கு உருண்டு, பரீட்சகரின் மோட்டச்சைக்கிளில் போய்ச் சாய்ந்தது. மூன்றாம் தரம் வரும் திங்கட்கிழமை.

ஜெயரூபன் மெதுவாக ஹெல்மெட்டைக் கழற்றினார். காதுப் பக்கத்துப் பஞ்சுக்குள் இருந்து, பெருவிரல் அளவில் ஒரு சாமான் அவர் மடியில் விழுந்தது.

நேற்று மாலையிலிருந்து அவர் அதோடுதான் திரிந்திருக்கிறார். என்ஜினின் தலையில் இருந்ததைத் தன் தலையில் வைத்துக்கொண்டு.

"சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சிட்டு, ஐயர் 'எடுங்கோ தம்பி' எண்டு சொல்லுவார்" என்றார் அவர், எங்களைப் பார்க்காமல். "சொந்தக்காரன்தான் ஏறி எடுக்கவேணும். அதுக்குச் சீவரத்தினம் அண்ணையை விடேலாது. இருநூறு ரியூசன் பிள்ளையள் போனோடை நிப்பினம். ஆறு வருசமா நான் செய்த கார், மிஸ். அதை நாலு தேசிக்காய்க்கு மேலாலை கொண்டுபோக எனக்குத் தெரியாது. திங்கக்கிழமை லைசென்ஸ் கிடைச்சா, பேந்து ரோட்டரைக் கண்டெடுத்திட்டன் எண்டு சொல்லுவம். அதுவரைக்கும் உதயா பாவம் பாத்து விடுவா எண்டு நினைச்சன்."

"உங்கடை மனுசியைக் கள்ளி எண்டு ஒழுங்கை முழுக்கக் கதைக்குது" என்றார் அக்கா. "உங்கடை அம்மா அவவின்ரை அலுமாரிக்குள்ளை தேடுறா. அது தெரியுமோ?"

ஜெயரூபன் ரோட்டரைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"அதை நான் யோசிக்கேல்லை."

அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கும். இன்றைக்கு இரவாவதற்கு முதல், அம்மாவுக்கு முன்னால், உதயகலாவுக்கு அவரே தன் வாயால் சொல்லவேண்டும் என்றார். சொல்லாவிட்டால் நாங்கள் சொல்வோம். ஜெயரூபன் தலையாட்டினார். சொல்லலாம். சொன்னாலும் நாளைக்கு ஒன்பது பன்னிரண்டுக்கு ஓட்ட ஆளில்லை. கார் கொழும்புக்குப் போகத்தான் போகிறது.

அக்கா என்னிடம் பதிவேட்டைக் கேட்டார்.

"மத்தியானம் உதயகலாவின்ரை எந்த அட்டையைப் பாத்து எழுதினனி?"

எனக்குப் படம் மட்டும்தான் நினைவிருந்தது. பக்கத்தைப் புரட்டினேன். அட்டையின் வகை என்ற இடத்தில் சாரதி அனுமதிப்பத்திரம் என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துத்தான். எழுதியது நான், வாசித்தது அப்போதுதான். வழங்கிய திகதிக்கு ஒன்பது வயது. அவர்களுடைய கலியாணத்துக்கு எட்டு.

ஜெயரூபன் அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார், நான்தான் இவ்வளவு காலமும் அதை அவரிடமிருந்து மறைத்தவன் போல.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நாங்கள் கோயில் வாசலில் நின்றோம். லெனாட்டும் வெள்ளைச் சப்பாத்தோடு வந்திருந்தார். கொலின்ஸும், சீவரத்தினமும், இருநூறு போன்களும். உதயகலா வரத் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். வீட்டில் சும்மா இருந்தாலே போதும். ஒன்பது பதின்மூன்றுக்குக் கராச் அவருடையது. களவுப் பெயரும் நேற்று மாலையோடு கழுவுப்பட்டுவிட்டது. ஜெயரூபன் எல்லாவற்றையும் அம்மாவுக்கு முன்னால் சொல்லி, பிறகு படலையில் நின்று ஒழுங்கைக்கும் சொன்னாராம்.

ஒன்பது ஐந்துக்குக் கார் வருமுன் அதன் சத்தம் வந்தது. சந்தியில் நின்ற மாடு தானாக ஒதுங்கியது.

ஸ்ரியறிங்கில் உதயகலா. மயில்பச்சைச் சேலை, விரல்களில் சோக்குத்தூள் இல்லை. பக்கத்தில் ஜெயரூபன், தேங்காயை இரண்டு கையாலும் பிடித்தபடி, தலையில் ஒன்றுமில்லாமல். பின் ஆசனத்தில் மாமி, நேரே பார்த்துக்கொண்டு. பொனற் விளிம்பில் சந்தனமும் புதுப் பூவும்.

ஐயர் சில்லுகளுக்குக் கீழே நாலு தேசிக்காய் வைத்து, தீபம் காட்டி, பழக்கதோசத்தில் "எடுங்கோ த..." என்று தொடங்கினார். நிறுத்தினார். ஸ்ரியறிங்கைப் பார்த்தார்.

"எடுங்கோ பிள்ளை."

நாலும் ஒரே சத்தமாக நசிந்தன. கார் ஓர் அங்குலம்கூடப் பின்னுக்குப் போகவில்லை. லெனாட் தன் போனைப் பைக்குள் வைத்தார்.

கோயிலைச் சுற்றி வந்து எங்கள் பக்கத்தில் நிறுத்தியபோது, லைசென்ஸ் இருக்கிறதென்று ஏன் வீட்டில் சொல்லவில்லை என்று நான் கேட்டேன்.

"ஆறு வருசமா உவர் காரைப் பற்றித்தான் என்னோடை கதைச்சவர். நீர் ஓட்டுவீரோ எண்டு கேக்க இடையிலை ஒரு நிமிசம் கிடைக்கேல்லை."

கராச்சை விட்டுக்கொடுத்துவிட்டீர்களே என்றேன். அவர் சிரித்தார். காலையில் எழும்பி முற்றத்துக்கு வந்தபோது, மாமரத்துக்குக் கீழே நிலத்தில் சுண்ணாம்பால் ஒரு வெள்ளைக்கோட்டு உருவம் கீறியிருந்ததாம். நீளம், அகலம், நாலு சில்லும் நிற்கும் இடம், எல்லாம் அளவெடுத்த மாதிரி, மஸ்ராங்கின் உருவம். கராச்சுக்குள் சாவிகள் எல்லாம் ஒரு மூலைக்குப் போய், மாணவர்கள் இருந்து படிக்க வாங்குகள் போட்டிருந்ததாம்.

"எறும்பு இனிக் காருக்கு" என்றார் உதயகலா. "திங்கக்கிழமை மதகுக்கு உவரை நான்தான் கூட்டிக்கொண்டு போறன். இஞ்சாருங்கோ, அவையின்ரையைக் குடுங்கோ."

ஜெயரூபன் யன்னலால் ஒரு பையை நீட்டினார். எங்கள் கட்டணத்தின் முதல் பகுதி என்றார். நான் திறந்து பார்த்தேன். கத்தரிக்காய். ஊதா நிறத்தில், பளபளவென்று, காம்பில் முள்ளோடு, ஒன்றுகூட வதங்காமல்.

மருதனார்மடம் சந்தை காலையிலும் நடக்கிறது என்பதை அவர் அன்றுதான் கண்டுபிடித்திருந்தார்.